நீலப் புகையும் நிலைகொள்ளாத ஐடிலிங்கும்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், ரோட்டரி இன்ஜின் வண்டிகளையே பெரும்பாலும் பார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கோயம்புத்தூரில் பதினோரு ஆண்டுகள் பிஸ்டன் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் என்னிடம் இருந்தது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்பது அங்கே வேலைக்கு வரும் பையன்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துவந்து ஒரு பழைய வண்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். அது தவறு என்று புரிய இரண்டு நாட்கள் ஆயின.

வண்டி 1983ஆம் ஆண்டின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. 12ஏ என்ற ரோட்டரி இன்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்ப நான்கு பேரல் கார்ப்பரேட்டர். எழுபது வயதை நெருங்கிய அதன் உரிமையாளர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை ஓட்டி வந்தவர். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெல்ல ஓடும்போது, வண்டி மிஸ்ஸாகி நடுங்குகிறது, பின்னால் நீலமாகப் புகை வருகிறது என்றார். நான் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், புகையைக் கண்டேன், இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை; சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அப்போது வெளியே வந்த பட்டறை முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: புகை எப்போது வருகிறது? நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு இந்த இன்ஜினின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இதில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முட்டை வடிவத்தில் இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் நடுவிலுள்ள ஷாஃப்ட் மூன்று முறை சுற்றிவிடும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டைகள் உண்டு. அவைதான் கூட்டின் சுவரை உரசியபடி காற்றை அடைத்து வைக்கின்றன. 1967இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வெளிவருவதற்கு முன், ஹிரோஷிமாவில் அதன் பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழுவை வருடக்கணக்கில் வாட்டியது இந்தச் சீல்கள் கூட்டின் சுவரில் கிழித்த வரிகள்தான். பேயின் நகக்கீறல் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பிஸ்டன் சிலிண்டரில் சுவருக்குக் கீழிருந்து ஆயில் தெறிக்கும். இங்கே அதற்கு வழியில்லை என்பதால், ஒரு சிறு ஆயில் பம்ப் இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாகக் கார்ப்பரேட்டருக்கு அனுப்புகிறது. அது பெட்ரோலோடு உள்ளே போய், சீலை நனைத்து, எரிந்து போகிறது. அதாவது இந்த வண்டி ஆயில் குடிப்பது நோயன்று. அப்படிக் குடித்தால்தான் அது உயிரோடிருக்கும்.

கேட்டபோது உரிமையாளர் தெளிவாகச் சொன்னார். ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் நீலமாக வரும், பிறகு நின்றுவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொஞ்சம் தெரியும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. கழுத்தைத் திறந்து வைத்து ஓடவிட்டபோது குமிழியும் வரவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் அறைக்குள் வராமல் தடுக்கும் கூலண்ட் சீல் போயிருந்தால் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்திருக்கும். இவர் சொன்ன அடையாளங்கள் ரோட்டரின் பக்கவாட்டிலுள்ள ஆயில் வளையங்களைக் காட்டின. அவற்றின் அடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள் முப்பது நாற்பது ஆண்டுச் சூட்டில் கட்டியாகிவிடுகின்றன; வண்டி நிற்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து உள்ளே தேங்குகிறது. அபெக்ஸ் சீல் கெடுவது வேறு, இது வேறு.

ஏர் கிளீனரைக் கழற்றியபோதுதான் என் வயிற்றைப் பிசைந்த ஒன்றைப் பார்த்தேன். ஆயில் பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்கு வரவேண்டிய இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களும் கழற்றப்பட்டு, வாயில் சிறிய போல்ட் திருகி அடைக்கப்பட்டிருந்தன. புகையைக் குறைப்பதாகச் சொல்லி வேறொரு பட்டறையில் ஏழு வாரத்துக்கு முன் செய்த வேலை அது. புகை குறையவில்லை, ஏனென்றால் அது பம்ப் அனுப்பும் ஆயிலால் வந்த புகையே இல்லை. அந்த ஏழு வாரமும் சீல்கள் பெட்ரோலின் ஈரத்தை மட்டும் நம்பி உரசிக்கொண்டிருந்தன. பம்ப் அனுப்பும் ஆயிலுக்குப் பதிலாகப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கும்படியும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இன்ஜினைச் சூடாக்கி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன், அதாவது அறைகளுக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று, பார்த்தோம். கேஜின் முனையிலிருந்த சிறிய வால்வைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டரின் மூன்று முகங்களில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்துக்கொண்டு ஊசி நம்மை ஏமாற்றும். முதலாளி ஊசியைப் பார்க்க வேண்டாம், காதைக் கொடு என்றார். ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற, புஸ், புஸ், புஸ் என்று மூன்று மூச்சுகள். ஒரு மூச்சு மட்டும் தளர்ந்தால் ரோட்டரின் பக்கவாட்டை அடைக்கும் சைட் சீலைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு தளர்ந்தால் அவ்விரு முகங்களுக்கும் நடுவே நிற்கும் அபெக்ஸ் சீல் போயிருக்கும், ஏனென்றால் ஒரு சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுச்சுவர். நாங்கள் கேட்டது சீரான மூச்சு. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே அளக்கும் ரோட்டரி டெஸ்டரை மாட்டியபோது முன் ரோட்டரில் 98, 96, 97 பிஎஸ்ஐ, பின் ரோட்டரில் 92, 90, 91. 250 ஆர்பிஎம்மில் 85க்குக் கீழே போகக்கூடாது, அறைகளுக்கிடையே 21க்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது கணக்கு. இறக்க வேண்டும் என்று நான் சொன்ன இன்ஜின் இதுதான். அன்று மாலை வரை அந்த எண்கள் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஐடிலிங் கோளாறுக்கும் புகைக்கும் தொடர்பே இல்லை. இரண்டும் ஒரே வண்டியில் ஒரே சமயத்தில் இருந்ததால் ஒன்றுக்கொன்று சாட்சியாக்கிக்கொண்டேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன்; ஒரு ரோட்டருக்கு இரண்டு. ரோட்டர் கூட்டில் எல், டி என்று வார்த்திருக்கும், கீழே லீடிங், மேலே ட்ரெய்லிங். ஒரு ரோட்டரின் லீடிங் பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்திருந்தது. கார்ப்பரேட்டரின் பக்கத்திலுள்ள கண்ணாடிச் சாளரத்தில் டார்ச் அடித்தால், ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் குறிக்கு மேலே நின்றது. கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வு சரியாக மூடவில்லை. அதை மாற்றி, பிளக்குகளையும் மாற்றிய பிறகு நடுக்கம் பாதிதான் குறைந்தது. மீதி ஒரு வேக்குவம் ஹோஸில் இருந்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்த ஹோஸ் அது. கார்ப் கிளீனரை அதன் பக்கம் தெளித்தபோது ஆர்பிஎம் சட்டென்று ஏறியது. கழற்றி விரலில் வளைத்தால், மாட்டும் வாயருகே மயிரிழை போன்ற வெடிப்புகள் மீன் செவுளைப் போலத் திறந்தன.

எல்லா ஹோஸ்களையும் புதிதாக்கி, ஆயில் குழாய்களைக் கார்ப்பரேட்டரில் மறுபடி பொருத்தி, அவற்றில் ஆயில் நிறைந்து வரும்வரை தொட்டியில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டினோம். ஐடிலிங் 750இல் வந்து நின்றது. காலைப் புகை அப்படியேதான் இருந்தது. ஓ-ரிங்கை மாற்ற இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும், இந்தக் கம்ப்ரஷன் இருக்கும்வரை அதற்கு அவசரமில்லை, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை மட்டும் வாரந்தோறும் பாருங்கள் என்று உரிமையாளரிடம் சொன்னேன். முதல் நாள் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் ஸ்டார்ட் செய்து, பானெட் திறந்திருக்க, பத்து நிமிடம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கிளம்புவதற்கு முன் ஒரு சிறிய அட்டையில் எழுதி, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டினேன்: காலையில் இரண்டு மூன்று நிமிடம் நீலப் புகை வரும், கம்ப்ரஷன் சரியாக உள்ளது, ஆயில் குழாய்களைக் கழற்ற வேண்டாம். கீழே ஆறு அளவுகளையும் அன்றைய தேதியையும் எழுதினேன்.