இரண்டு ஃபைல், ஒரே வேன்

5 ஜூன் 2024, புதன்

எங்கள் சிங்கப்பூர் டிராவல்ஸில் ஆண்டு இறுதி விடுமுறைக்குத் தாய்லாந்தின் பட்டாயாவுக்குக் குடும்பப் பேக்கேஜ் போட வேண்டுமாம். நேரில் போய் ஓட்டலையும் இடத்தையும் பார்த்துவிட்டு வா என்று முதலாளி சொன்னார். கணக்கு எழுதுகிறவளை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "டிக்கெட் போடுற தம்பியைத்தான் அனுப்பலாம்னு இருந்தேன், அவன் பொண்டாட்டி விடமாட்டேங்குதாம்" என்றார். அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில் யோசித்தால், நாங்கள் விற்கப்போகிற சரக்கின் முதல் பிரச்சினையே அதுதானே. காசுக்குப் பெண் கிடைக்கும் ஊர் என்று பெயர் எடுத்த இடம், ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆண்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள், பெண்கள் எதுவும் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார்கள். மாமியார் மட்டும் நேராகவே கேட்டுவிட்டார், "அங்கேயா? உனக்கு அங்க என்ன வேலை?"

என்னிடம் பட்டாயாவுக்கு இரண்டு ஃபைல். ஒன்றின் மேல் 'குடும்பம்', இன்னொன்றின் மேல் 'பசங்க'. கல்யாணத்துக்கு முந்தைய கூத்து, கம்பெனி ஆட்கள் எட்டுப் பேராகப் போவது எல்லாம் இரண்டாவதில். பதினொரு வருடமாக இரண்டிலும் நான்தான் எழுதுகிறேன், இன்றைக்குத்தான் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேன்காரர் ஒரே ஆள். தீவுக்குப் போகும் படகு ஒரே படகு. மூன்று ஓட்டல்களில் இரண்டு, இரண்டு ஃபைலிலும் இருக்கின்றன. பசங்க ஃபைலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பில் கிடையாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

9 ஜூன், ஞாயிறு

தேக்காவில் சாமான் வாங்கப் போனேன். ஞாயிறு மாலை என்பதால் சிராங்கூன் ரோடு முழுக்க வேலையாட்கள், நடக்க இடமில்லை. டெஸ்கர் ரோடு முனையைத் தாண்டும்போது இப்போதும் என் கால் தானாக வேகம் எடுக்கிறது. சின்ன வயதில் அந்த முனை வந்தால் அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பார், ஏன் என்று சொல்லமாட்டார். நம் ஊர்ச் சட்டம் இதில் ஒரு விசித்திரம். காசு வாங்கிக்கொண்டு படுப்பது குற்றமில்லை, அதற்கு வீடு நடத்துவதும் தெருவில் நின்று ஆள் கூப்பிடுவதும் குற்றம், ஆனாலும் கேலாங்கிலும் இங்கேயும் சில வீடுகள் போலீஸ் கண்காணிப்பிலும் மருத்துவப் பரிசோதனையிலும் பல வருடமாக நடந்தன. அதனால் பட்டாயாவைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் தகுதி நமக்குக் கொஞ்சம் கம்மிதான்.

அப்பா டாக்சி ஓட்டியவர். எழுபதுகளில் நள்ளிரவுக்கு மேல் நல்ல சவாரி வேண்டுமென்றால் பூகிஸ் ஸ்திரீட் போக வேண்டும் என்பார். அங்கே மேசை போட்டுப் பீர் விற்பார்கள், பெண் வேடமிட்ட திருநங்கைகள் வருவார்கள், அவர்களைப் பார்க்க வெள்ளைக்கார மாலுமிகளும் டூரிஸ்டுகளும் வருவார்கள். 1985இல் எம்ஆர்டி ரயில் பாதை கட்ட அதை இடித்தார்கள். அப்புறம் டூரிஸ்டுகள் எங்கே எங்கே என்று கேட்டதால் 1991இல் அதே பெயரில் புதிதாக ஒன்று கட்டினார்கள். பழைய கூட்டம் வரவே இல்லை. இப்போது அங்கே டீசட்டையும் பழச்சாறும் விற்கிறார்கள். ஒரு தெருவை இழந்தது சிங்கப்பூருக்குப் பெரிய நஷ்டமில்லை, துறைமுகம் இருந்தது, பேங்க் இருந்தது, ஜூரோங்கில் தொழிற்சாலை இருந்தது. அப்பாவுக்கு மட்டும் சில மாதம் ராத்திரி சவாரி குறைந்ததாம்.

15 ஜூன், சனி

வந்து சேர்ந்தாயிற்று. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏழாம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். வேன்காரரை இத்தனை வருடமாக இன்வாய்ஸில் மட்டுமே தெரியும், நேரில் பார்த்தால் என் தம்பி வயது, வடகிழக்கு ஈசான் பகுதிக்காரர். இந்த ஊரில் பிழைப்புக்கு வந்தவர்களில் ரொம்பப் பேர் அங்கிருந்துதான், நெல் விளையும் ஆனால் காசு விளையாத பூமி என்றார், மொழிபெயர்ப்புச் செயலியில்.

ஊரின் கதை கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்தேன். மீன்பிடிக் குப்பம். 1959இல் கோராத் பக்கம் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் லாரியில் வந்து ஓய்வெடுத்ததில் இருந்து கதையைத் தொடங்குவார்கள். அப்புறம் வியட்நாம் போர், பக்கத்திலேயே ஊத்தபாவ் விமானத் தளம், போர்முனையில் இருந்து ஓய்வுக்கு அனுப்பப்பட்ட பையன்களின் சம்பளம். இதில் எனக்குப் பிடித்த இடம், அதாவது கணக்கெழுதுகிறவளாகப் பிடித்த இடம், சட்டம்தான். 1960இல் விபசாரத்தைத் தடை செய்தார்கள். 1966இல் கேளிக்கை விடுதிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். தொழிலுக்குத் தடை, தொழில் நடக்கும் கட்டடத்துக்கு லைசென்ஸ். போர் முடிந்து சிப்பாய்கள் போனபிறகும் ஓட்டலும் பாரும் சாலையும் அங்கேயே இருந்தன, காலி அறைகளை நிரப்ப ஐரோப்பாவில் இருந்து விமானம் விமானமாக ஆட்கள் வந்தார்கள்.

கடற்கரை, உண்மையைச் சொன்னால், சுமார். மணல் அரித்துப் போய்க் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள்.

16 ஜூன், ஞாயிறு

காலையில் கோ லான் தீவு. படகுக்கு 30 பாட். தண்ணீர் பச்சையாக, பளிங்கு மாதிரி, எங்கள் பிரசுரத்தில் போட்ட படம் பொய்யில்லை. குழந்தைகளோடு நிறையக் குடும்பங்கள், பாதிப் பேர் நம்ம முகம். போன நவம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்ததில் இருந்து இப்படித்தானாம்.

இரவு வாக்கிங் ஸ்திரீட் போனேன். தனியாகப் போகப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். போனால், கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் பின்னால் ஒரு முழுக் குடும்பம், தள்ளுவண்டியில் குழந்தை, பாட்டி செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வருகிறார்! இரண்டு பக்கமும் நியான் விளக்கு, எண் குத்திய பெண்கள் வாசலில் நிற்கிறார்கள், நடுவில் பாட்டி. எனக்கு உடனே எங்கள் குடும்ப ஃபைல் ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள், மாலை: 'வாக்கிங் ஸ்திரீட் உலா, விருப்பப்பட்டால்'. நானே தட்டச்சு செய்த வரி. தொழிலை வாங்குகிறவர்கள் மட்டும்தான் அதற்காக வருகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், வேடிக்கை பார்க்கவும் ஒரு கூட்டம் வருகிறது, அதை அழைத்துக்கொண்டு வந்தது நாங்கள்.

ஓட்டலுக்குத் திரும்பியபோது வரவேற்பு மேசையில் இரண்டு தாய்லாந்து அடையாள அட்டைகள். விருந்தினர் அழைத்து வரும் பெண் அட்டையைக் கொடுத்துவிட்டு மேலே போக வேண்டும், கீழே வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். சில ஓட்டல்களில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. இது பாதுகாப்புக்காக என்கிறார்கள். சரி, பாதுகாப்புதான், ஆனால் கட்டணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

அந்த அட்டைகளில் ஒன்றின் படத்தில் இருந்த முகம் என் மூத்த மகளைவிடப் பெரிய வயதாகத் தெரியவில்லை. அவளுக்கு இருபது. வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

17 ஜூன், திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். மத்தியானம் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் பிரியாணி. சமையல்காரர் ராமநாதபுரத்துப் பையன், தமிழ் கேட்டதும் அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டான். ஊர் எப்படித் தம்பி ஓடுகிறது என்று கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, பகல்ல குடும்பம் வரும், எட்டுப் பேர் உக்காந்து நாலு பிரியாணிய பங்கு போடும். நைட்டு பன்னெண்டு மணிக்கு மேல பசங்க வருவாங்க, வெலயே கேக்கமாட்டாங்க. கூட வர்ற பொண்ணுக்கும் வாங்கித் தருவாங்க. கடை வாடகை அந்த நாலு மணி நேரத்துலதான் வருது."

பிறகு நகத்துக்குச் சாயம் பூசும் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். மணி நான்கு, நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. எல்லோரும் ராத்திரி வேலைக்குக் கிளம்புகிற பெண்கள், முடி, நகம், இமை. பக்கத்தில் கிலோ கணக்கில் துணி துவைக்கும் கடை, அடுத்து மருந்துக்கடை, அடுத்து ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, அதற்கும் அடுத்து நகை அடகு. வெளியே பப்பாளி இடித்து விற்கும் வண்டி. அந்த வண்டிக்காரம்மா டூரிஸ்ட் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை, அவர் வாடிக்கை முழுக்க இந்தப் பெண்கள்தான். சுற்றுலா வருமானம் என்று எழுதும்போது ஓட்டலையும் விமானத்தையும் எழுதுகிறோம், இந்த வண்டி எந்த ஏட்டிலும் வராது.

பாரில் நடப்பதை எனக்குச் சாயம் பூசிய அக்கா விளக்கினார், முன்பு அவரும் அந்த வேலையில் இருந்தவர். பெண்ணை வெளியே அழைத்துப் போக ஆண் பாருக்கு ஓர் 'அபராதம்' கட்ட வேண்டும். அவள் இல்லாததால் அன்றிரவு விற்காமல் போகும் பானங்களுக்கு ஈடு என்று அதற்குப் பெயர். அதில் பெண்ணுக்குக் கொஞ்சம் கிடைக்கும், சில இடங்களில் ஒன்றும் கிடைக்காது. ஆண் அவளுக்கு வாங்கித் தரும் பானத்தில் ஒரு பங்கு. மற்றது அவளும் அவனும் பேசிக்கொள்வது, அதில் பாருக்குச் சம்பந்தமே இல்லை. என்ன அருமையான கணக்கு! பதினொரு வருடம் ஏடு எழுதிய எனக்கே எழுந்து கும்பிடத் தோன்றியது. முதலாளி விற்றது வெறும் பானம். மாட்டுவது தெருவில் நிற்கும் பெண் மட்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆள் கூப்பிட்டதற்கு 1,000 பாட் வரை அபராதம். தொழிலே சட்டவிரோதம் என்பதால் அடித்தாலும் ஏமாற்றினாலும் அவள் போய்ப் புகார் சொல்ல யோசிப்பாள்.

கொரோனா சமயம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அக்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். 2019இல் தாய்லாந்துக்குக் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வந்தார்கள், 2021இல் 4 லட்சத்துச் சொச்சம். நூறில் ஒரு பங்கு. இந்த ஊரில் பார் மூடியதும் பெண்கள் பஸ் பிடித்து ஈசானுக்குப் போனார்கள், அவர்கள் போனதும் நகக்கடை மூடியது, துவைக்கிற கடை மூடியது, இலவசச் சோற்றுக்கு வரிசை நின்றது. அக்காவும் நின்றாராம். "வீட்டுக்கு நான் அனுப்பினது போய், வீட்டில இருந்து எனக்கு அரிசி வந்தது" என்று செயலி மொழிபெயர்த்தது.

2016இல் இந்த நாட்டுச் சுற்றுலாத் துறைப் பெண் அமைச்சர், இந்தத் தொழிலே போக வேண்டும், நாங்கள் தரமான சுற்றுலாவைத்தான் விரும்புகிறோம் என்றார். அவர் ஆசையில் தப்பில்லை. ஆனால் போலீஸ் ஒரு வாரம் சோதனை நடத்தினால் ஒரு வாரம் விளக்கு அணையும், அவ்வளவுதான், வண்டிக்காரம்மாவின் வாடகைக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. பக்கத்தில் லேம் சபாங் துறைமுகம் இருக்கிறது, கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன, அந்த வேலைகளுக்குக் கேட்கும் படிப்பு இவர்களிடம் இல்லை. பெயருக்குப் பயந்து மூடி மறைத்த கதையும் உண்டு. எண்பதுகளின் கடைசியில், தாய்லாந்துக்கு வாருங்கள் ஆண்டு என்று 1987ஐக் கொண்டாடிய சமயத்தில், எய்ட்ஸ் பற்றிப் பேசினால் டூரிஸ்ட் வரமாட்டான் என்று அடக்கி வாசித்தார்கள். 1991இல்தான் மெச்சாய் விரவைத்யா அமைச்சரானதும் வெளிப்படையாகப் பேச்சு வந்தது, விடுதிகளில் நூற்றுக்கு நூறு ஆணுறை என்ற திட்டம் நாடு முழுவதும் போனது, புதிய தொற்று பெரிய அளவில் இறங்கியது. டூரிஸ்டும் ஓடிவிடவில்லை.

18 ஜூன், செவ்வாய்

மழை. ஓட்டல்கள் நான்கு பார்த்தேன், ஒன்றில் கரப்பான்.

மாலை திருநங்கைகளின் நடன அரங்கம். 1974இல் இருந்து நடக்கும் பெரிய அரங்கம், எங்கள் குடும்பப் பேக்கேஜிலேயே இருக்கிறது, பிள்ளைகளோடு கைதட்டிப் பார்க்கிறார்கள். பூகிஸ் ஸ்திரீட்டில் நாம் இடித்ததை இவர்கள் மேடை போட்டு, டிக்கெட் அடித்து, சம்பளம் கொடுத்து நடத்துகிறார்கள். அப்பா இருந்தால் ரசித்திருப்பார். இன்றைக்குத்தான் இந்த நாட்டு மேலவை ஒரே பாலினத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. அரங்க வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண் போனில் அதைப் பார்த்துக்கொண்டே என் டிக்கெட்டை இரண்டு முறை கிழித்தார்.

20 ஜூன், வியாழன்

நேற்று இரவு திரும்பினேன். இன்று காலை முதலாளியிடம் அறிக்கை. தங்குவதற்கு நடு ஊரை விட்டுத் தள்ளி ஜோம்தியென் கடற்கரைப் பக்கம், தீவுக்கு ஒரு நாள், அரங்கம் இருக்கட்டும், வாக்கிங் ஸ்திரீட் உலாவை எடுத்துவிட வேண்டும் என்றேன். "அதை எடுத்தா பேக்கேஜ்ல என்னம்மா இருக்கு?" என்றார். பாட்டியும் தள்ளுவண்டியும் என்று ஆரம்பித்தேன், கையை உயர்த்தினார், சரி எடு என்றார். ஓட்டல் விஷயத்தில் நான் தோற்றேன். நடு ஊர் ஓட்டல்தான், அறைக்கு 22 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், குறைவு. ஏன் குறைவு என்று எனக்குத் தெரியும், மலிவு விலையில் அந்த அறையை வருடம் முழுக்க நிரப்பித் தருவது இரண்டாவது ஃபைல். குடும்பங்கள் மட்டும் வந்தால் அந்த விலை இல்லை.

மதியம் தம்பி ஒரு புது புக்கிங் கொண்டுவந்தான், ஆண்கள் ஒன்பது பேர், ஆகஸ்ட். எந்த ஃபைல் அக்கா என்றான், வழக்கம்போல் சிரித்துக்கொண்டு. பயணத் திட்டத்தின் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவரிடம் வெளிநாட்டில் காசு கொடுத்துப் போனாலும் சிங்கப்பூர்ச் சட்டம் இங்கே பிடிக்கும், அதற்குப் பயணம் ஏற்பாடு செய்தவரையும் பிடிக்கும். 2008இல் இருந்து உள்ள சட்டம்தான், எங்கள் காகிதம் எதிலும் இதுவரை வந்ததில்லை.

முதலாளி படித்துவிட்டு, "இதைப் பார்த்தா கஸ்டமர் பயந்துடுவான்மா" என்றார்.

"பயப்படுறவன் வேற கடையில வாங்கட்டும், பாஸ்."

ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கக் கீழே போனார். ஒன்பது பிரதி அச்சடித்துத் தம்பியின் மேசையில் வைத்துவிட்டேன்.