ஆறு மணிக் கோப்பி

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

கனடாவுக்குப் புறப்படும் சிநேகிதி அழுத்தத்தில் கடுங்கோப்பி இறக்கும் தன் எஸ்பிரெஸோ மெஷினையும் கோப்பி கிரைண்டரையும் இன்று என்னிடம் தந்துவிட்டுப் போனாள். வெள்ளவத்தை வீட்டின் சின்னக் குசினியில் அரிசி வாளி இருந்த மூலையை அதற்குக் கொடுத்தோம். அம்மா ஒரு துணியால் அதைத் துடைத்து, பொத்தான் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டா.

முதல் கோப்பி சரிவரவில்லை. 18 கிராம் தூள் போட்டேன். 11 செக்கனில் 36 கிராம் கோப்பி கடகடவென்று ஓடி வந்துவிட்டது. வாயில் வைத்தால் புளியங்காய். தண்ணீர் தூளுக்குள் நின்று போகவில்லை. கோப்பியிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பு, அதன் பிறகுதான் இனிப்பு, கடைசியில் கசப்பு. 25 முதல் 30 செக்கன் வரை எடுத்தால்தான் மூன்றும் சேரும். ஆகவே தூளை இன்னும் நைசாக அரைக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

கிரைண்டரை இரண்டு புள்ளி இறுக்கினேன். 19 செக்கன். இன்னும் ஒரு புள்ளி. 41 செக்கன், சொட்டுச் சொட்டாக, கருகின கசப்பு. ஒரு புள்ளிக்கு இவ்வளவு வித்தியாசம் வராது. தூள் கட்டி கட்டியாக விழுகிறது என்பதைப் பிறகுதான் கண்டேன். கட்டியாக இருந்தால் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும், மறுபக்கம் ஓட்டை விழும். தண்ணீர் சுலபமான வழியாகத்தான் போகும். நாளைக்கு அமுக்குவதற்கு முன் ஊசியால் கிளறிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள், புத்தாண்டு

வந்துவிட்டது! 28 செக்கன், 37 கிராம். தேன் வடிவதுபோல மெல்லிய கோடாக இறங்கி, மேலே செம்மண் நிறத்தில் நுரை கட்டியது. ஊசியால் கிளறியதுதான் வேலை செய்தது.

இந்த நுரைக்குப் பெயர் கிரேமா. வறுத்த கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயுவும் கோப்பியின் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்து உண்டாவது. ஒன்பது பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. நீராவியால் மட்டும் ஓட்டிய பழைய மெஷின்களுக்கு அந்தப் பலம் இல்லை. மிலானைச் சேர்ந்த அக்கீலே கஜ்ஜியா 1938இல் தன் முறைக்குக் காப்புரிமை எடுத்து, போருக்குப் பிறகு நெம்புகோல் மெஷின் செய்த பின்னர்தான் கோப்பைக்கு மேல் நுரை நிற்கத் தொடங்கியது.

அம்மா ஒரு வாய் குடித்தா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, உன்ரை அப்பாவுக்கு இது பிடிச்சிருக்கும்" என்றா. அப்பா யாழ்ப்பாணத்தில் விடியற்காலை முட்டையை அடித்து, அதன்மேல் சுடச்சுடக் கோப்பி ஊற்றிக் குடிப்பார். அந்த நுரையின் வாசம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இனி தினமும் காலையில் அம்மாவுக்கு ஒரு சின்னக் கோப்பை போட்டுத் தரப்போகிறேன்.

மே 25, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. கடற்காற்று யன்னல் வழியே வர, போன கிழமை சரியாக இருந்த அரைப்பு இந்தக் கிழமை சரியில்லை. ஈரப்பதன் கொட்டைக்கு உடனே தெரிகிறது. போத்தலில் காற்றுப் புகாமல் அடைத்து, ஒவ்வொரு தடவைக்கும் வேண்டியதை மட்டும் நிறுத்து அரைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் கொழும்பு நல்ல இடம். களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் மென்நீர். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லின் மேல் தோண்டிய எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்றால், கேத்திலுக்குள் வெள்ளைப் படை படிவதுபோல இந்த மெஷினின் குழாய்களையும் சில மாதத்தில் அடைத்துவிடும்.

இந்த முறை வாங்கியது நுவரெலியாப் பக்கத்து அராபிக்கா. பையைத் திறக்கும்போது வேறொரு நினைவும் வந்தது. மலைநாட்டில் தேயிலைக்கு முன் இருந்தது கோப்பி. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து மலையேறிய எங்கள் சனம் முதலில் வந்தது கோப்பிப்பழம் பறிக்கத்தான். நடையிலேயே நோயாலும் பசியாலும் எத்தனையோ பேர் செத்தார்கள். 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் தோட்டங்கள் அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. இந்தத் தீவுக் கோப்பியைக் குடிக்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைக்கவும் வேண்டும்.

யூன் 5, வியாழன்

இன்று அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். தைரொயிட்டுக்காகப் பத்து வருடமாகத் தைரொக்சின் குளிசை போடுகிறா. போன முறை 2.6 ஆக இருந்த டிஎஸ்எச் இப்போது 8.1. தைரொயிட் ஹோர்மோன் போதாவிட்டால் இரத்தத்தில் கூடுவது அது. அம்மா சில கிழமையாகக் களைப்பு என்று சொன்னது மழைக்காலம் என்பதால் அல்ல. டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டப் பேனையை எடுத்தவர், நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அம்மா, குளிசையை எத்தினை மணிக்குப் போடுறீங்கள்?"

"விடிய எழும்பின உடனே, டொக்டர்."

"எதோட?"

"மகள் போடுற கோப்பியோட."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. முன்பெல்லாம் அம்மா வெறும் தண்ணீரோடு குளிசை விழுங்கி, மரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடிப்பா. நான் மெஷினை விடியவே சூடாக்கத் தொடங்கிய பிறகு எல்லாம் மாறிவிட்டது.

கோப்பி தைரொக்சினைக் குடலில் உறிஞ்சவிடாமல் குறைக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2008இல் இத்தாலிய மருத்துவர்கள் இதையேதான் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய நோயாளிகள் குளிசையை எஸ்பிரெஸோவோடு விழுங்கினார்கள். அளவு சரியாக இருந்தும் டிஎஸ்எச் இறங்கவில்லை. தண்ணீரோடு விழுங்கி, கோப்பியைத் தள்ளிக் குடித்ததும் மருந்து வேலை செய்தது. எங்கள் டொக்டரும் குளிசையின் அளவை மாற்றாமல், கோப்பிக்கு ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டு, ஏழு கிழமை கழித்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொன்னார். கேள்வி கேட்ட அந்த டொக்டரை நான் மறக்கமாட்டேன்.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்து, "கோப்பியை நிப்பாட்டிப்போடாதை" என்றா.

யூன் 7, சனி

அம்மாவின் விஷயம் தெரிந்த பிறகு என் பழக்கங்களையும் உட்கார்ந்து பார்த்தேன்.

பின்னேரம் ஆறு மணிக்கு ஒன்று குடிக்கிறேன். உடலிலுள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடலாம், குறையலாம். அப்படியென்றால் இரவு பதினொரு மணிக்குப் படுக்கும்போது பாதிக் கோப்பை இன்னும் எனக்குள். இன்றிலிருந்து பகல் இரண்டு மணிக்குப் பிறகு இல்லை.

அப்புறம் கொலஸ்ட்ரோல். கோப்பி எண்ணெயில் கஃபெஸ்டோல் என்ற பொருள் இருக்கிறது, அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கடதாசி வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். மெஷினில் இருப்பது ஓட்டை போட்ட உலோகக் கூடை, எண்ணெய் அப்படியே கோப்பைக்கு வரும். 2022இல் வெளிவந்த நோர்வேயின் துரொம்சோ நகர ஆய்வில், நாளுக்கு மூன்று முதல் ஐந்து எஸ்பிரெஸோ குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் கூடுதலாகக் காணப்பட்டது, ஆண்களில் இன்னும் தெளிவாக. என் தம்பிக்கு ஏற்கெனவே கொலஸ்ட்ரோல் இருக்கிறது. அவன் வந்தால் இனிக் கடதாசியில் வடித்துத்தான் கொடுப்பேன். எனக்குக் காலையில் ஒரு எஸ்பிரெஸோ, பத்து மணிக்குக் கடதாசியில் வடித்த ஒன்று. நாளுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை சுகதேகியான பெரியவர்களுக்குப் பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. அதற்கு நான் மிகவும் கீழே.

மகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு. சாப்பாட்டோடு கோப்பியோ தேத்தண்ணியோ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். அவளுடைய பிளேன்ரீயைச் சாப்பாட்டை விட்டு ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தேன். முகத்தைச் சுருக்கினாள், ஆனால் கேட்டாள்.

யூலை 27, ஞாயிறு

நேற்று ரிப்போர்ட் வந்தது. டிஎஸ்எச் 3.2. அதே குளிசை, அதே அளவு.

அம்மா இப்போது ஐந்து மணிக்கு மணி வைத்து எழும்புகிறா. குளிசை, ஒரு முழுக் கிளாஸ் தண்ணீர். பிறகு சாமி விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிய ஐந்தே முக்கால். மெஷினைச் சூடாக்குவதும் இப்போது அவதான். இன்று நான் எழும்பி வரும்போது தராசுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றா.

"பிள்ளை, பதினெட்டுப் புள்ளி ரெண்டு காட்டுது. ரெண்டு கொட்டையை எடுக்கட்டோ?"