நான் வேலை செய்தது சாமிகளோடு

சென்ற ஆண்டு இலங்கையின் வன்னியிலுள்ள மல்லாவிக்குப் போயிருந்தபோது, விறாந்தையில் இருந்து புளியம்பழத்தின் கோதை உடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அங்க உன்னோட ஆர் ராசா வேலை செய்தவை?" என்று கேட்டார். "நோர்வேக்காரரும் சாமியளும்" என்றேன். அவருடைய கை நின்றுவிட்டது. "என்னடா, கும்பிடுற சாமியோ?"

நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், மீன் ஆலைகளை நம்பி 1980களிலிருந்தே எம்மவர் போய்க் குடியேறிய கரையோர ஊர்களில் ஒன்றிலேதான் என் முதல் ஆறு ஆண்டுகள் கழிந்தன. பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் 'லாப்லாந்து' என்று படித்திருந்த நினைவில், பக்கத்து மேசையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த முதியவரிடம், "நீங்கள் லாப்போ?" என்று அரைகுறை நோர்வே மொழியில் கேட்டுவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்து, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து, நெஞ்சைத் தொட்டு, "சாமி" என்றார். 'லாப்' என்பது பிறர் இட்ட பெயர் என்பதும், அதில் ஏளனம் தொனிக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. அந்த வடநிலத்தின் ஆதிக்குடிகளான சாமிகள் தம் நிலத்தைச் சாப்மி என்பார்கள். அவர் பேசிய வடசாமி மொழிக்கு அம்மொழியிலேயே 'தவ்விசாமெகியெல்லா' என்று பெயர். பின்மார்க் என்ற பெயரும், பழைய நோர்வேயர் சாமிகளை அழைத்த 'பின்' என்ற சொல்லில் இருந்து பிறந்ததே. போர்சாங்கர் பகுதிக்குள் நுழைந்தால் நோர்வே, சாமி, க்வென் (பின்லாந்து வழிவந்தோரின் மொழி) என மும்மொழிகளிலும் பெயர்ப்பலகைகள் தெரியும். ஆயினும் வடநோர்வேயில் சாமிப் பெயர்கள் மீது துப்பாக்கிக் குண்டு துளைத்த பலகைகளும் உண்டு.

வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் தாய்மொழியை 'சிறிலங்கிஸ்க்' என்று பதிந்து, அதன்படி சிங்கள மொழிபெயர்ப்பாளரையும் அழைத்துவிட்டார்கள். அப்படியொரு மொழியே இல்லை என்று விளங்கப்படுத்த எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அதற்காகப் பிறர் வாயில் வரும் பெயரெல்லாம் இழிபெயர் என்று நான் சொல்லமாட்டேன். ஒல்லாந்தர் எங்களை 'மலபார்' என்று எழுதியது அவர்களுடைய அறியாமை. சிங்களவர் சொல்லும் 'தெமள' என்பதோ பாளியின் 'தமிள' போலவே எங்கள் சொந்தப் பெயரின் திரிபுதான். சோதனைச்சாவடிகளில் அது ஒலித்த விதம் வேறு கதை.

ஒருநாள் அந்த முதியவர், "உங்கள் நாட்டிலும் எங்களைப்போல ஆதிக்குடிகள் உண்டா?" என்று கேட்டார். "உண்டு, வேடர்" என்றேன். "அது அவர்களே தங்களுக்குச் சொல்லும் பெயரா?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. வன்னியல எத்தோ, அதாவது காட்டு மக்கள் என்றே அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை, வன்னியில் பிறந்த நான் பனிநாட்டில் இருந்துகொண்டுதான் தேடி அறிந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "அட, அப்ப அவையளும் வன்னிச் சனம்தானே" என்றபடி அடுத்த புளியம்பழத்தை எடுத்தார்.