அண்ணனோடு தூத்துக்குடிக்கு: தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 29

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ரெண்டு வாரம் ஆகிறது. ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பதால் சென்னை காசிமேட்டுத் துறைமுகத்தில் எல்லாப் படகுக்கும் இப்போதுதான் மராமத்து, அண்ணனுக்குச் சோறு தின்ன நேரமில்லை. படகிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேருக்கு வந்த பிறகும் இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற ஆள் என்று அவரைத் தேடி வருகிறார்கள். இப்போது ஒரு படகுக்காரர், தூத்துக்குடியில் பழைய லேலண்ட் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, நீ நேரில் பார்த்துச் சொன்னால்தான் காசை நீட்டுவேன் என்று நிற்கிறார். வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லேன் என்றேன். "வீடியோல புகை தெரியும் பாப்பா, அதிர்வு தெரியாது" என்று முடித்துவிட்டார்.

டிக்கெட் போட்டாச்சு. ஸ்லீப்பரில் மாற்றுத்திறனாளி கோட்டா நாலு பெர்த், அதில் ரெண்டு லோயர். துணையில்லாமல் போக முடியாதவருக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை, கூடப் போகிற ஒருவருக்கும் அதேதான். அண்ணனுக்கு லோயர், எனக்கு அதற்கு மேலே நடு பெர்த்.

மே 3

பை கட்டுகிறேன். துணிமணி கொஞ்சம்தான், மீதியெல்லாம் சிறுநீர் எடுக்கிற டியூப், யூரின் பேக், கையுறை, ஜெல், வாய் அகலமான பாட்டில், காற்று குஷன், அதற்கு ஒரு கைப் பம்ப்.

"ராத்திரி ரயில்தானே, சாயங்காலத்திலிருந்து தண்ணி கொடுக்காதே, தொல்லை இருக்காது" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரில் கிருமி பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும், அப்புறம் ரயில் இல்லை, ஆஸ்பத்திரிதான். அதனால் தண்ணீர் வழக்கம்போல. ராத்திரிக்கு டியூப் வைத்துக் காலில் பை கட்டிவிட வேண்டியது, நிறைந்தால் பாட்டிலில் பிடித்துக் கழிவறையில் கொட்ட வேண்டியது. இதை எழுதக் கூச்சமாக இல்லை. கிளம்பப்போகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான், கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

மே 4, ரயிலில்

வீட்டிலிருந்து எழும்பூர் வரை மெட்ரோ. டி.ஹெச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) நடைபாதை என்று ஒன்று இருந்தும் நாங்கள் ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவேதான் உருட்டிக்கொண்டு போனோம். தண்டையார்பேட்டை ஸ்டேஷனுக்குள் நுழைந்த பிறகு கவலையில்லை. லிஃப்டில் இறங்கி, பிளாட்பாரத்துக்குச் சமமாக வந்து நிற்கிற பெட்டிக்குள் அண்ணன் தானே உருட்டிக்கொண்டு ஏறினார், சென்ட்ரலில் மாறினார், என் கை படவே இல்லை. 2021இல் இந்தப் பாதை திறந்ததிலிருந்து அவர் தனியாகவே மவுண்ட் ரோடு போய் வருகிறார்.

அதே மனுஷன் ராத்திரி ரயில் வாசலில் மூட்டையாகிவிடுகிறார். நம் ஊர் உயரமான பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர், பெட்டியின் தளமோ 1300 மில்லிமீட்டர் வாக்கில். அரை மீட்டர், அதிலும் செங்குத்தான படி, நடுவில் சந்து. ஸ்லீப்பர் வாசலில் வீல்சேர் நுழையாது, ஆளைத் தனியாகத்தான் தூக்க வேண்டும்.

தூக்க ஆள் இல்லாமல் இல்லை. போர்ட்டர் ஒருவரிடம் பேசி வைத்திருந்தோம், அதற்குள் நாலு பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடிக்கிறார், ஒருவர் கழற்றி மாட்டுகிற கைப்பிடியைப் பிடிக்கிறார், இன்னொருவர் அண்ணனின் கையைப் பிடித்து இழுக்கிறார், எல்லாரும் என்னைப் பார்த்து "எப்படிம்மா தூக்கணும்?" என்கிறார்கள். தூக்கப்படுகிறவர் அங்கேயே இருக்கிறார், வாயும் நன்றாகவே இருக்கிறது! இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டுகிற இடத்தில் போடுகிற குரலில் அவரே ஒரு அதட்டல் போட்டார். "கைய எடுங்க நைனா எல்லாரும். ரெண்டு பேர் போதும். ஒருத்தர் பின்னாலருந்து அக்குள் வழியா கைய உட்டு என் மணிக்கட்டப் பிடி. இன்னொருத்தர் முட்டிக்குக் கீழ. நான் எண்ணுவேன், மூணுன்னதும் தூக்கு." போர்ட்டர் ஒருவராகவும் கல்லூரிப் பையன் ஒருவனாகவும் நின்று தூக்க, மூன்று எண்ணி முடிப்பதற்குள் பெர்த்தில் உட்கார்ந்தாயிற்று. சேரை மடக்கி வாஷ்பேசின் பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

இப்போது மணி பன்னிரண்டு. நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது, அதனால் பை மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே நான் குனிந்தபடி, பெட்ஷீட் மறைப்பில், செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் ஆற மாசக்கணக்காகும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியே ஆக வேண்டும். அலாரம் வைத்திருக்கிறேன். எதிர் பெர்த் தாத்தா "தூங்கும்மா, நான் எழுப்பி விடுறேன்" என்றார். இப்போது அவர் குறட்டைதான் கேட்கிறது.

மே 5

தூத்துக்குடி கடைசி ஸ்டேஷன் என்பதால் இறங்க அவசரமே இல்லை. எல்லாரும் போனபின் சாவகாசமாக இறக்கினோம்.

பட்டறை வாசலில் இன்ஜின் உருட்டி ஏற்ற ரெண்டு தடிமனான பலகை சாய்த்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் சக்கரத்தை நேர்பண்ணி ஏறிப்போய்விட்டார். அப்புறம் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினின் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். நாலாவதில் நின்றார். திரும்பவும் கேட்டார். பட்டறைக்காரர் முகம் மாறியது. கிராங்க் பேரிங் போயிருக்கிறதாம், அதை மாற்றிக் கொடுத்தால் வாங்கலாம், விலையில் இருபதாயிரம் குறையணும். பேரம் முடிய மத்தியானமாகிவிட்டது. மக்ரூன் ரெண்டு பாக்கெட் வாங்கினேன், ஒன்று இங்கேயே காலி.

மே 6, திரும்பும்போது

திரும்ப வர கோட்டாவில் லோயர் கிடைக்கவில்லை, ரயிலின் கோடியில் கார்டு இருக்கிற பக்கம் உள்ள மாற்றுத்திறனாளி பெட்டியில்தான் வந்தோம். கதவு அகலம், கழிவறையும் பெரிசு, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. அண்ணனைச் சேரோடு தூக்கி வைக்க முடிந்தது. ஆனால் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினால் திறந்தது நல்ல திடகாத்திரமான மூன்று பேர், கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். சண்டை போட நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் "கார்டக் கூப்டட்டா, இல்ல ஒரு கை புடிக்கிறீங்களா?" என்றார். கை பிடித்தார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

எது வசதி என்று கேட்டால் இந்தப் பெட்டிதான், இடம் கிடைத்தால். முன்பதிவு இல்லாததால் கிடைக்குமா என்பது வாசலுக்குப் போனால்தான் தெரியும். அண்ணனோ கோட்டா டிக்கெட்தான் வேண்டும் என்கிறார், தன் பேரில் ஒரு பெர்த் எழுதியிருக்க வேண்டுமாம்.

மே 10

இடுப்பு ரெண்டு நாள் வலித்தது, என்னுடையது. அண்ணனுக்குப் புண் இல்லை, காய்ச்சல் இல்லை.

பேரிங் மாற்றியாச்சு, வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பட்டறையிலிருந்து போன். படகுக்காரர் தடை முடிவதற்குள் இன்ஜின் படகில் உட்கார வேண்டும் என்று குதிக்கிறார். காலையில் கோட்டா பார்த்தேன், ஒரு லோயர் இருந்தது, போட்டுவிட்டேன். இந்த முறை திரும்பி வரவும் சேர்த்தே.