நம் மண்டபத்தில் ஓடாத பள்ளிக்கூடப் படங்கள்

பள்ளித் திரைப்படக் கழகத்தில் என்ன படம் ஓடும் என்பதை யாருடைய ரசனையும் தீர்மானிக்கவில்லை. எதற்கு 16 மில்லிமீட்டர் பிரதி இரவலாகக் கிடைத்ததோ அது ஓடியது, அவ்வளவுதான். இந்த மலரைப் படிக்கும் மூத்தவர்களுக்கு அந்தக் கணக்கு மறந்திருக்காது. 16 மில்லிமீட்டர் பிலிமில் அடிக்கு 40 சட்டகம் (ஃபிரேம்). விநாடிக்கு 24 சட்டகம் வீதம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 1600 அடிச் சுருள் 44 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒற்றைப் புரொஜெக்டர் வைத்திருக்கும் பள்ளியில், கதை சூடுபிடிக்கும் இடத்தில் விளக்கைப் போட்டுச் சுருள் மாற்றியே ஆக வேண்டும்.

பிலிம் கோர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பற்சக்கரம் நிற்காமல் சுழலும். ஆனால் விளக்குக்கு முன்னால் இருக்கும் நகம் பிலிமை விட்டு விட்டுத்தான் இழுக்கும். இரண்டு ஓட்டத்துக்கும் ஒத்துப்போக, மேலும் கீழும் பிலிமை வளையமாகத் தளர்த்தி விட வேண்டும். வளையம் சுருங்கினால் திரையில் படம் துள்ளும், பிலிமின் துளைகளும் கிழியும். ஒலி, தனக்குரிய படத்துக்கு 26 சட்டகம் முன்னால் பதிந்திருக்கும். அதனால் கீழ் வளையத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக விட்டால், உதடு அசைந்த பிறகுதான் சத்தம் வரும். அப்படி ஓடிய படத்தைப் பார்த்தவர்கள் “நடிப்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

நல்ல படங்கள் கவனிக்கப்படாமல் போவதில் பாதி இப்படித்தான். படத்தில் குறை இருக்காது. பிரதி வெளுத்திருக்கும், வசன வரி (சப்டைட்டில்) பிந்தியிருக்கும், உரிமை யாரிடம் என்று தெரியாமல் பெட்டிக்குள் கிடக்கும். ஆகவே “அருமையான படம், பாருங்கள்” என்று சொல்வதோடு பரிந்துரை முடிந்துவிடாது. எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பழைய மாணவர் கூடும் இடங்களுக்குப் பொருந்தும் என்பதால், பள்ளியையும் பிள்ளைகளையும் பற்றிய படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் இடம் ‘தி பிரௌனிங் வெர்ஷன்’ படத்துக்கு. ஆண்டு 1951, இயக்கியவர் அந்தனி ஆஸ்க்வித். டெரன்ஸ் ராட்டிகன் தன் ஓரங்க நாடகத்தைத் தானே திரைக்கதையாக்கினார். குரோக்கர்-ஹாரிஸ் என்ற கிரேக்க, லத்தீன் ஆசிரியர் உடல்நலம் கெட்டு, ஓய்வூதியமும் மறுக்கப்பட்டுப் பள்ளியை விட்டுப் போகிறார். நாஜிக் கொடியவன் ஒருவனின் பெயரால் தான் ‘கீழ் ஐந்தாம் வகுப்பின் ஹிம்லர்’ என்று அழைக்கப்படுவதை, அவர் இடத்துக்கு வரும் புது ஆசிரியர் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். டாப்லோ என்ற மாணவன் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகத்துக்கு ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் செய்த மொழிபெயர்ப்பைப் பழைய புத்தகமாக வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறான். உள்ளே கிரேக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறான்: கனிவான ஆசானைக் கடவுள் தொலைவிலிருந்து அருளோடு பார்க்கிறார் என்று.

இந்த இடத்தில், ஆசிரியராக நடிக்கும் மைக்கேல் ரெட்கிரேவ் செய்வதைப் பாருங்கள். மருந்தை இன்னொரு முறை ஊற்றித் தரச் சொல்லிப் பையனை அப்பால் அனுப்புகிறார். பையன் போத்தலோடு நிற்கும் நேரத்துக்குள் முகத்தைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஆனால் முடியவில்லை. அதுவரை வறண்டு, உயரத்தில் ஒலித்த குரல் உடைகிறது. ரெட்கிரேவுக்கு அப்போது வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. தோளையும் குரலையும் மட்டும் மாற்றித்தான் அந்தக் கிழட்டுத்தனத்தைக் கொண்டுவந்தார். கான் விழாவில் அந்த ஆண்டின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. கடைசியில் வரும் பிரியாவிடை உரை நாடகத்தில் கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. அது தேவையில்லை என்பவர்களும் உண்டு. ஒரு பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல வராது.

எச்சரிக்கை ஒன்று: இதே பெயரில் 1994இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த வண்ணப் படமும் உண்டு. தேடினால் அதுவே முதலில் அகப்படக்கூடும். மோசமான படமில்லை, ஆனால் நான் சொல்வது கறுப்பு வெள்ளை.

அடுத்தது ஜப்பானியப் படமான ‘இருபத்து நான்கு கண்கள்’. ஜப்பானிய மொழியில் ‘நிஜூஷி நோ ஹிதோமி’. கெய்சுகே கினோஷிதா 1954இல் எடுத்தார். அதே ஆண்டில்தான் குரோசவாவின் வாள்வீரர் படமான ‘ஏழு சாமுராய்’ வந்தது. ஜப்பானின் கினெமா ஜுன்போ இதழ் அவ்வருடப் பட்டியலில் முதலிடத்தைக் கினோஷிதாவின் படத்துக்கே கொடுத்தது. வெளியுலகம் வாள் பிடித்தவர்களை நினைவில் வைத்துக்கொண்டு வாத்தியாரம்மாவை மறந்துவிட்டது.

1928இல் ஷோடோ தீவின் பள்ளிக்கு ஓயிஷி என்ற இளம் ஆசிரியை சைக்கிளில், மேல்நாட்டு உடுப்பில் வந்து சேர்கிறார். முதலாம் வகுப்பில் 12 பிள்ளைகள், ஆக 24 கண்கள். பிள்ளைகள் விளையாட்டாகத் தோண்டிய குழியில் விழுந்து அவர் காலில் அடிபடுகிறது. அவரைப் பார்க்க 12 பேரும் வீட்டுக்குச் சொல்லாமல் நெடுந்தூரம் நடந்தே போகிறார்கள். அன்று எடுத்த குழுப்படம்தான் கதைக்கு ஆணிவேர். போர் முடிந்தபின் நடக்கும் ஒன்றுகூடலில், போரில் கண்ணை இழந்த மாணவன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரலால் தொட்டுச் சொல்கிறான். ஒன்றுகூடல்களுக்கென்றே எடுத்த படம் என்று இதைத்தான் சொல்வேன்.

கினோஷிதா இதற்காகச் செய்த வேலை ஒன்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். முதலாம் வகுப்புப் பிள்ளைகளாகவும், அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் வரும்போதும் நடிக்க, முகச்சாயல் ஒத்த உடன்பிறப்புகளைத் தேடிப் பிடித்தார். அதனால்தான் ஐந்து வருடம் கழிந்தது நமக்கு நம்பும்படி இருக்கிறது. மட்சுவே என்ற சிறுமியைக் குறிப்பாகக் கவனியுங்கள். லில்லிப் பூப் போட்ட மதிய உணவுப் பெட்டி ஒன்றுக்கு ஆசைப்படுகிறாள். பிற்பாடு பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்பவளாக ஆசிரியை அவளைக் காண்கிறார். அந்த இரண்டு காட்சிக்கும் இடையில் நெடுநேரம் ஓடிவிடும். பெட்டியை மறந்தவர்களுக்கு இரண்டாவது காட்சி பாதிதான் போய்ச் சேரும். ஆகவே 12 பிள்ளைகளின் பெயரையும் ஓர் அடையாளத்தையும் அரைப் பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். பெயர்கள் குழம்புவதுதான் இந்தப் படத்தைப் பாதியில் விடுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம். 1987இல் வந்த மறுஆக்கத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

‘கெஸ்’ (1969, கென் லோச்) பிரிட்டனில் கொண்டாடப்படும் படம், வெளியே பலர் பார்த்ததில்லை. காரணம் எளிது. பிள்ளைகள் பேசும் யார்க்ஷயர் பேச்சு, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது. ஆங்கில வசன வரி இல்லாத பிரதியைக் காட்டாதீர்கள். விளையாட்டு ஆசிரியராக வரும் பிரையன் குளோவர் உண்மையிலேயே ஆசிரியராகவும் மல்யுத்த வீரராகவும் இருந்தவர். அந்தக் கால்பந்துக் காட்சிக்கு மண்டபம் சிரிக்கும். அதிபரின் அறையில் பிரம்படி விழும் காட்சியில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

ஜான் வீகோவின் பிரெஞ்சுப் படம் ‘ஸேரோ த கோந்த்வீத்’ (‘நடத்தைக்குப் பூஜ்யம்’) 1933இல் வந்தது. விடுதிப் பையன்கள் கலகம் செய்யும் கதை. பிரெஞ்சுத் தணிக்கை தடைசெய்து, 1945வரை பொதுவில் காட்டவிடவில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம்தான். இரவில் தலையணைச் சண்டை முடிந்து, இறகுகள் பறக்கப் பையன்கள் மெதுவோட்டத்தில் ஊர்வலம் போகும்போது வரும் இசையை விசேஷமாகக் கேளுங்கள். இசையமைப்பாளர் மோரிஸ் ஜோபேர் மெட்டைப் பின்னிருந்து முன்னாக எழுதி வாசிக்கவைத்து, அந்த ஒலிப்பதிவைத் தலைகீழாக ஓட்டினார். மெட்டு நேராகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சுரமும் தேய்ந்த நிலையில் தொடங்கிப் பெருத்து முடிகிறது. கணினி இல்லாத காலத்து வேலை.

குறும்படத்துக்கு ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி. ‘ஒரு பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்’ (1975) ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இரவல் கொடுத்த கொப்பி கிழிந்து திரும்பி வருகிறது. முதல் தீர்வில் இரண்டு பையன்களும் பழிக்குப் பழியாக ஒருவர் பொருளை மற்றவர் உடைக்கிறார்கள். இரண்டாவதில் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். வசனம் அறவே புரியாவிட்டாலும் பரவாயில்லை.

தமிழில் ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977). தாயில்லாத கழுதைக்குட்டியை வளர்க்கும் கல்லூரிப் பேராசிரியர், மாணவர்களிடமும் நிர்வாகத்திடமும் கேலிக்கு ஆளாகி, அதை ஊருக்கு அனுப்புகிறார். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். தமிழுக்கான தேசிய விருது பெற்றும் திரையரங்குகளைக் காணாத படம். இணையத்தில் கிடைக்கும் பிரதி மங்கலானது, ஒலியும் சுமார். பெரிய திரையில் போட்டால் முகங்கள் கரைந்துவிடும். சிறிய அறையில், தொலைக்காட்சியில் காட்டுவதே இப்போதைக்கு நியாயம்.

அதற்கு நேர் எதிர் ஜி. அரவிந்தனின் மலையாளப் படம் ‘கும்மாட்டி’ (1979). மூல நெகடிவ் தப்பவில்லை. இருந்தாலும் தப்பிய பிரதிகளைக் கொண்டு 2021இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் மார்ட்டின் ஸ்கார்செசியின் தி ஃபிலிம் ஃபவுண்டேஷனும் இத்தாலியின் திரைப்படக் காப்பகமான போலோஞ்ஞா சினெடெக்காவும் சேர்ந்து புதுப்பித்தன. புல்லும் வானமும்தான் இதில் பாதி நடிப்பு, ஷாஜி என். கருண் ஒளிப்பதிவு. வெளுத்த பழைய பிரதியில் பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றே கொள்க.

இனி, காட்டும் முறை. மேலே சொன்ன பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை ஏறக்குறையச் சதுரமான சட்டகம், 1.37க்கு 1. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு விடவேண்டும், படம் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். யாராவது “திரை வீணாகிறதே” என்று நிரப்பச் சொன்னால் கேட்காதீர்கள். முகம் அகன்று போகும், அல்லது தலையும் வசன வரியும் வெட்டுப்படும். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இல்லாத சட்டகங்களைத் தானாகச் செருகி, சினிமாவைத் தொடர் நாடகம் ஆக்கிவிடும்.

ஓடும் நேரத்தைச் சரிபாருங்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெளியான பழைய டிவிடிகள் விநாடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டும். 156 நிமிடப் படமான ‘இருபத்து நான்கு கண்கள்’ அதில் 150 நிமிடம் காட்டினால் வெட்டப்பட்ட பிரதி என்று பயப்பட வேண்டாம். ஆனால் பிள்ளைகள் பாடும் பாட்டுகளின் சுருதி சற்று ஏறியிருக்கும். புளூ-ரேயில் பொதுவாக இந்தச் சிக்கல் வராது.

வசன வரி தனிக் கோப்பாக இருந்தால் நடுப்பகுதியிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். தொடக்கம் முதல் ஒரே அளவில் பிந்தினால், வி.எல்.சி. என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஜி, எச் விசைகளால் தள்ளிச் சரிசெய்யலாம். போகப் போக இடைவெளி கூடினால் அது வேக வித்தியாசம். 24க்கும் 25க்கும் ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகும். அந்தக் கோப்பைத் தள்ளிப் பயனில்லை, வேகத்தையே மாற்றி எழுத வேண்டும். சங்கத்தில் யாராவது தமிழ் வசன வரி எழுத முன்வந்தால், இரண்டு வரிக்கு மேல் போகாமல், சொற்களைச் சுருக்கி எழுதுங்கள். தமிழ்ச் சொல் நீளம், பேசியதெல்லாம் எழுதினால் யாரும் படத்தைப் பார்க்கமாட்டார்கள். கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும்.

உரிமை விஷயத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். டிவிடி வாங்கியதால் மண்டபத்தில் காட்டும் உரிமை வந்துவிடாது. நுழைவுச்சீட்டு இல்லாத கூட்டமானாலும் பெரும்பாலான நாடுகளில் தனி அனுமதி வேண்டும். வட்டின் உறையில் உள்ள வெளியீட்டாளருக்கு, நாள், இடம், எதிர்பார்க்கும் ஆட்தொகை மூன்றையும் குறிப்பிட்டு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். முதல் ஆண்டுக்குக் கியரோஸ்தமியின் குறும்படமும் ‘தி பிரௌனிங் வெர்ஷன்’ படமும் போதும், இரண்டும் சேர்ந்து ஒரு மணி 35 நிமிடம். ‘இருபத்து நான்கு கண்கள்’ படத்தை முழுநாள் ஒன்றுகூடல் இருக்கும் ஆண்டுக்கு வைத்துக்கொண்டு, நடுவில் கால் மணி இடைவேளை விடுங்கள்.