தரையில் படுத்திருந்த பிள்ளை

அக்டோபர் 11
விடியுமுன் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, பையனுக்கு வயிறு பிடுங்குகிறது, வாந்தியும் எடுத்துவிட்டான்." இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், விழுங்க முடியவில்லை என்றானாம். போய்ப் பார்த்தால் இமைகள் பாதி மூடிக் கிடந்தன. தூக்கக் கலக்கம் என்று எண்ணியிருந்தார்கள். "நன்றாகக் கண்ணைத் திற" என்றேன். நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான்; இமை உயரவில்லை. படுத்திருந்தது தரையில், பாயில்.

தரையில் படுத்தவனைக் கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்குமோ என்று பயந்தேன். அதன் பல் மிகச் சிறியது. கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது. தடம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, 108-ஐ அழைத்தேன். மந்திரிக்கலாம் என்று எழுந்த பெரியப்பாவிடம், "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்" என்று கெஞ்சினேன். எச்சில் மூச்சுக்குழலில் இறங்காதபடி பையனை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவிடவில்லை. வண்டியில் ஏற்றும்போதே பேச்சு மூக்கால் வந்தது.

அக்டோபர் 12
நேற்று இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள், உறைந்துவிட்டது. அக்காவின் முகம் மலர்ந்தது. அந்தச் சோதனை கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கட்டுவிரியன் நரம்பைப் பிடிக்கும், இரத்தத்தை அல்ல. 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏறியும் மூச்சு தளர்ந்தது, வென்டிலேட்டர் வைத்தார்கள். சிதைந்துவிட்ட நரம்பு முனைகளை மருந்து மீட்காது. அவை மறுபடி வளரும்வரை இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும்.

அக்டோபர் 13
அசைவே இல்லை. உறவினர் ஒருவர் தலைமாட்டிலேயே அழத் தொடங்க, செவிலியர் அதட்டினார்: "அவனுக்கு எல்லாம் கேட்கும். தைரியமாகப் பேசுங்கள்." எனக்கு உடல் சிலிர்த்தது. உடம்பு மரக்கட்டையாகக் கிடக்க, நினைவு மட்டும் விழித்திருக்குமாம். அதன்பின் அக்கா பள்ளிக்கூடக் கதைகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 14
கால் கட்டைவிரல் அசைந்தது!

அக்டோபர் 18
குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடித்தான்.

சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷத்தை எடுத்துத் தருகிறது. அவர்களை நினைத்துக்கொண்டேன். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 2024-இல் தமிழக அரசு ஆணையிட்டதும் நல்ல காரியம். ஆனால் வயிற்றுவலி என்று வீட்டிலேயே முடிந்துபோகிற பிள்ளை எந்தக் கணக்கில் வரும்?

எங்கள் தெருவில் கட்டில் இல்லாத வீடுகளுக்குக் கொசுவலை வாங்கப் பணம் சேர்க்கிறோம். பாம்பு நுழையாதபடி வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருக வேண்டும் என்பதை நாளை ஒவ்வொரு வீட்டிலும் செய்தே காட்டப்போகிறேன்.