குடிக்கக் கூடாதவரோடு ஊற்றுக்குப் போனேன்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலுக்கு ஜூலை 26 திருவிழாவையொட்டிப் போனால் நிற்க இடம் கிடைக்காது. விழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கியதிலிருந்தே கூட்டம்தான். என் வீட்டுக்காரரால் அந்த நெரிசலைத் தாங்க முடியாது. அவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதனால் விழா இல்லாத ஒரு சனிக்கிழமையில் பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போனோம்.

2002இல் கட்டிய புதிய கோயில் பெரியது. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய வீடுகளைப் போல அதன் கூரை முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். 2019இல் அதற்கு பசிலிக்கா என்ற, வத்திக்கான் தரும் சிறப்புத் தகுதியும் கிடைத்தது. எனக்கு மனம் ஒட்டுவதென்னவோ 1888இல் எழுப்பிய பழைய கோயிலில்தான். கம்யூனிஸ்டு கிளர்ச்சியால் 1948இல் மலாயாவில் தொடங்கிய அவசரகாலத்தில் ஆளில்லாமல் கைவிடப்பட்டுக் கிடந்த கோயில் அது.

அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. அவர் பெயர் விவிலியத்தில் இல்லை. பழைய மரபுக் கதையில்தான் வருகிறார். பிள்ளையில்லாமல் வருடக்கணக்கில் காத்திருந்தவர். பிள்ளையில்லை என்பதற்காகவே அவர் கணவர் சுவக்கீனின் காணிக்கையை ஆலயத்தில் ஏற்கவில்லையாம். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனவர்கள் இந்த அம்மாவைத் தேடி வருவதில் ஆச்சரியமில்லை. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, நெற்றியில் திருநீறோடும் வருகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். எடுத்துப் போயிருந்த விவிலியத்தில் திருப்பாடல் 88ஐப் பிரித்தேன். மற்ற புலம்பல் பாடல்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரும். இதில் அதுவும் கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படியொரு பாட்டையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போனோம். இங்கே வருகிற எல்லோரும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குத் தண்ணீர்தான் எதிரி. கூடிப்போனால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ரசம், டீ, ஐஸ் கட்டி எல்லாமே அன்றைய கணக்கில் சேரும். எங்கள் வீட்டில் டம்ளர் அளந்துதான் நாள் ஓடுகிறது.

பக்கத்தில் நின்ற ஓர் இந்து அம்மா தன் பாட்டிலை நீட்டினார். "ஐயா, நீங்க முதல்ல குடிங்க."

நான் விளக்க வாயெடுப்பதற்குள் இவர் சொன்னார்: "குடிக்கத்தாம்மா கூடாது. குளிக்கலாமே!"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் தலையைக் குனிந்துகொள்ள, பிடரியில் மெதுவாக ஊற்றினார். வெயிலுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். சட்டையெல்லாம் நனைந்து, இவரும் சிரித்துக்கொண்டு நின்றார். தண்ணீரைப் பார்த்து இவர் பயப்படாத நாள் என்று எனக்கு நினைவில் இருப்பது அதுதான்.

தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி திருத்தூதர் பவுல் மூன்று முறை ஆண்டவரைக் கேட்டார். "என் அருள் உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. இந்த வசனம் எனக்கு வெகுநாளாகப் பிடிக்காது. பார்க்க வருகிறவர்கள் பழக்கூடையோடு இதையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். முள் தைத்தவரே சொன்னால் அது சாட்சி. நலமாக இருப்பவர் சொன்னால், நோயாளியின் வாயை அடைக்கிற வேலை. அன்று யாரும் வசனம் சொல்லவில்லை. நோய் அப்படியேதான் இருந்தது, திங்கட்கிழமை ஊசியும் காத்திருந்தது. ஆனாலும் அருள் என்றால் இதுதான் என்று, யாரும் எடுத்துச் சொல்லாமலே, எனக்குப் பட்டது.

கிளம்புமுன் மெழுகுவர்த்தி ஏற்றி, இவருக்கு ஒரு சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டேன். பவுல் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்துவதாக இல்லை.